ஜமீந்தார் முன்னால் வாய் திறவாத இருபத்தொரு நாள்

ஜூன் 15, திங்கள்

காலையில் சாரல். மலை தெரியவில்லை. பத்து மணிக்கு இடுப்பு வரைக்கும் தெரிந்தது, தலையில் மட்டும் இன்னும் துண்டு.

சுடலைமுத்து ஆகிய நான், நாற்பது வருஷம் கல்யாணச் சமையலில் கரண்டி பிடித்தவன், என் ரச வாசனை தாங்காமல் திசையன்விளையில் ஒரு மாப்பிள்ளை தாலி கட்டும் முன்னாலேயே பந்திக்கு எழுந்து ஓடினான் என்ற கீர்த்தி உடையவன், இன்று சத்தியம் செய்து எழுதுவதாவது: இந்த நோட்டில் வரப்போவதை எவனும் நம்பமாட்டான். நானே பாதிதான் நம்புகிறேன்.

இன்றிலிருந்து இருபத்தொரு நாள் காப்பகத்துக்குள் நான் பேசக்கூடாது. டாக்டரம்மா உத்தரவு. வாயை அடைத்தால் வேறு எங்கேயாவது பீறிக்கொண்டு வரத்தானே செய்யும். கை வழியாக வருகிறது. தீவன ரிஜிஸ்டரின் பின்பக்கம் காலி. அதில் எழுதுகிறேன்.

பிற்காலத்தில் ஆதிச்சநல்லூரில் தோண்டுகிற மாதிரி இந்த நோட்டையும் தோண்டி எடுப்பார்கள். அவர்கள் குழம்பாமலிருக்க:

டாக்டரம்மா மெர்லின், பாளையங்கோட்டைக்காரர். இந்தக் காப்பகத்தின் மிருக வைத்தியர். சிரிப்பை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் எடுத்து உடுத்துவார்.

இசக்கி, என் அக்கா மகள். காட்டிலிருந்து அடிபட்டு வருகிற ஜீவன்களைப் பார்த்துக்கொள்கிறவள். முட்டி தேய்ந்து வீட்டில் கிடந்த மாமனையும் அந்தக் கணக்கில் சேர்த்து இங்கே தீவன அடுப்படிக்குக் கொண்டுவந்தாள்.

ஜமீந்தார், நீர்நாய். ரிஜிஸ்டரில் எண் 7. பெயர் வைக்கக் கூடாது என்பது இங்கே விதி. வைத்தது யாரென்று தெரியாது. (நான்.)

போன வருஷம் சித்திரையில் சேரன்மகாதேவிப் பக்கம் கால்வாய் தூர் வாரும்போது ஜேசிபி ஒரு வளையை இடித்துவிட்டது. தாய் ஓடிப்போனது. இரண்டு நாள் காத்திருந்தும் திரும்பி வரவில்லை. ஒரு தேங்காய் அளவில் இங்கே வந்தார் ஜமீந்தார். பால் குடிக்கமாட்டார். மடியில் போட்டுக் கதை சொன்னேன், குடித்தார். கதையை நிறுத்தினால் குடிப்பதையும் நிறுத்தினார். பிறகு மீனும் அப்படியே. இந்த ஒரு வருஷத்தில் நான் அவருக்குச் சொன்ன பொய்களை அச்சடித்தால் தாமிரபரணிக்கு இரண்டு கரையும் கட்டலாம்.

இன்று காலை பரீட்சை. தொட்டியில் உயிர்க் கெண்டை இரண்டை விட்டார்கள். ஜமீந்தார் பார்த்தார். கெண்டையும் பார்த்தது. ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லாத குறை. மல்லாக்கப் படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் அலுமினியச் சட்டியோடு உள்ளே போனேன், வழக்கம்போல, "எய்யா ஜமீந்தாரே, பந்தி போட்டாச்சு, வாங்க!" என்று.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார். வேட்டியைப் பிடித்து ஏறி, இடுப்பில் உட்கார்ந்து, தலையைச் சட்டிக்குள் விட்டார்.

எனக்கு ஒரே பெருமை. சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா ஒரு துண்டு மீனை எடுத்து மோந்தார்.

"அண்ணாச்சி, என்ன இது மஞ்சளா இருக்கு?"

"மஞ்சள்தான் டாக்டரம்மா."

"நீர்நாய்க்குக் குடுக்கிற மீன்ல எதுக்கு மஞ்சள்?"

"பின்ன? கவிச்சி போவாண்டாமா?"

இசக்கி தலையில் கை வைத்துக்கொண்டாள். "மாமா, எத்தன நாளா?"

செதில் சீவி, தலை நறுக்கி, குடல் எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு உரசி, மூன்று தண்ணீரில் அலசி. ஒரு வருஷமும் இரண்டு மாசமும். எங்கள் பக்கம் மீன் என்றால் அப்படித்தானே அடுப்பங்கரைக்குள் வரும்? அலசாத மீனை ஒரு ஜீவனுக்கு வைக்க இந்தக் கைக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"ஆத்துல யாரு அண்ணாச்சி மஞ்சள் தேச்சுக் குடுப்பா? யாரு பந்திக்குக் கூப்பிடுவா? இது தானா வேட்டையாடணும். ஆள் குரலுக்கு வரக் கூடாது. இருபத்தோரு நாள் பாப்போம். மாறலேன்னா மெட்ராஸ் பக்கம் மிருகக்காட்சிசாலைதான். கடிதம் தயாரா இருக்கு."

"நான் என்ன செய்யணும்?"

"பேசாம இருக்கணும்."

வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். ஒரு கிட்னி கேட்டிருக்கலாம்.

ஜூன் 16, செவ்வாய்

வெயில், காற்று. இரண்டு ஆமை வரத்து, ஒரு கூகை வரத்து. கூகைக்கு இறக்கையில் பட்ட அடி சின்னதுதான், ஆனால் முறைப்பில் தாசில்தார்.

தீவன அறைக் கதவில் டாக்டரம்மா கையெழுத்தில் சட்டம்: வாசல் பக்கத்து நாவல் மரத்தைத் தாண்டி உள்ளே பேச்சு கிடையாது. சாக்கு அங்கி, முகம் மறைய. மீன் தகரத் தட்டிக்குப் பின்னாலிருந்து குழாய் வழியாக மட்டும். செதில், தலை, குடல் எல்லாம் இருக்க வேண்டும். கடைசி வரி பெரிய எழுத்தில்: சுடலை அண்ணாச்சி இருமவும் கூடாது.

சாக்கு அங்கியில் என்னைப் பார்த்து வள்ளியூர்ச் சந்தைக்குப் போகிற லாரிக்காரன் ஏற்றிக்கொள்ளப் பார்த்தான். நல்லவேளை, எடை கூடுதல் என்று இறக்கிவிட்டான்.

குழாய் வழியாக முழுக் கெண்டை ஒன்று இறக்கினேன். தட்டி ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஜமீந்தார் மீனைப் பார்க்கவில்லை. குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே கையை விட்டுத் துழாவினார். சட்டியும் சத்தமும் அதற்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தாரோ என்னவோ.

வீட்டில் என் பெண்டாட்டி செண்பகம்: "அங்கன மூடின வாயத்தான் இங்கன வந்து தொறக்கீயளா? எனக்கும் ஒரு சாக்கு அங்கி வாங்கித் தாங்க. காதுக்கு."

ஜூன் 18, வியாழன்

மூன்றாம் நாள் பட்டினி. அவர்.

எண் 7: காலை கெண்டை 3, தொடவில்லை. மத்தியானம் ஜிலேபிக் கெண்டை 2, தொடவில்லை. சாயங்காலம் நண்டு 1. நண்டு அவரைத் தொட்டது.

சுடலைமுத்து: காலை இட்லி 2. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

தட்டிக்குப் பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரிகிறது. பின்னங்காலில் நின்று விசிலடிக்கிறார். நாலு விசில், பிறகு காத்திருக்கிறார். பதில் வரும் என்று பழக்கம். ஒரு வருஷமாக வந்ததே.

நாவல் மரத்துக்கு வெளியே இசக்கியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, செத்துக் கித்துப் போயிருமோ?"

"போவாது மாமா. நாலு நாள் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாவ. எடை பாத்துட்டுத்தான இருக்கோம்."

"உனக்கு ஈரக்கொல இருக்கா இல்லையா?"

"இருக்கு. அதான் உங்கள உள்ள விடாம நிக்கேன்."

உயிர் மீன் கொண்டுவருகிற தங்கராசு பைக்கில் டிரம்மை அவிழ்த்துக்கொண்டிருந்தான். என் வயசுக்காரன், இந்தப் பக்கத்துக் குளமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னவே சுடல, நீரு பேசாம இருந்தா குளத்துல மீனெல்லாம் பயந்து கெடக்கு, மழ வரப்போவுதோன்னு," என்றான்.

பதிலுக்கு எட்டு வைத்திருந்தேன். காப்பக வாசல் பக்கம்தானே என்று ஒன்றே ஒன்றைச் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

ஜூன் 19, வெள்ளி

சாரல். துணி காயவில்லை. வலது முட்டி வலி.

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதமாட்டேன்.

(எழுதாவிட்டால் நெஞ்சு வெடிக்கும். மத்தியானம் இசக்கி சாப்பிடப் போன நேரம். மடியில் ஒரு சிட்டிகை. ஒரே ஒரு மீன்தான். மூன்று தண்ணீர் கூட இல்லை, ஒரு தண்ணீர். குழாயில் இறக்கினேன். ஜமீந்தார் மோந்தார். தட்டியை நிமிர்ந்து பார்த்தார். தின்றார். தின்று முடித்துவிட்டு நாலு விசிலடித்தார்.

நான் பேசவில்லை. அது மட்டும் செய்யவில்லை.)

ஜூன் 20, சனி

பிடிபட்டேன்.

உலகத்தில் எந்தத் திருடனுக்கும் இப்படி நேர்ந்திருக்காது. இசக்கி என் கையைப் பிடித்துத் திருப்பினாள். நகக்கண் மஞ்சள். சோப்புப் போட்டும் போகாதது. "மாமா, விரலக் காட்டுங்க" என்றாள், நான் காட்டினேன், கேஸ் முடிந்தது.

காலையில் உயிர்க் கெண்டையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். குழாய்ப் பக்கமே உட்கார்ந்திருந்தாராம். நாலு நாள் பட்ட பாடு ஒரு சிட்டிகையில் போயிற்று.

டாக்டரம்மா என்னை மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார். திட்டுவார் என்று இடுப்பைக் கட்டிக்கொண்டு போனேன். ஒரு தாளைத் தந்தார். மிருகக்காட்சிசாலையிலிருந்து வந்த கூண்டு வரைபடம்.

"பதினெட்டடிக்குப் பன்னெண்டு அடி அண்ணாச்சி. நடுவுல ஒரு சிமெண்ட் தொட்டி. நல்லாத்தான் பாத்துக்கிடுவாவ, சாப்பாட்டுக்குக் கொற இருக்காது. பத்துப் பதினஞ்சு வருஷம்கூட இருக்கும்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினெட்டுக்குப் பன்னிரண்டு. கல்யாண வீட்டில் எனக்குக் காய்கறி அறுக்கக் கொடுக்கிற இடம் அதைவிடப் பெரிது. அதிலேயே இரண்டு நாள் இருந்தால் மூச்சு முட்டும், வெளியே போய் வெற்றிலை போட்டுவிட்டு வருவேன். இவர் வெற்றிலை போட எங்கே போவார்?

"கெடுவைத் தள்ளிப் போட முடியுமா?"

"முடியாது. ஆறாம் தேதி பரீட்சை."

வீட்டுக்கு வந்து அஞ்சறைப் பெட்டியிலிருந்த மஞ்சள் தூளைக் கொல்லையில் கொட்டினேன். ராத்திரிக் குழம்பு வெள்ளையாக இருந்தது. சாப்பிட்டோம்.

ஜூன் 24, புதன்

நல்ல சாரல், நடுவில் வெயில். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குழாயில் வந்த மீனில் ஒன்றிரண்டைக் கடித்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் ஜமீந்தார்.

மனுக்குலமே கேள்!

காலை ஏழு மணி. இசக்கி யோசனை: ஆழத் தொட்டியில் வேண்டாம், முழங்கால் அளவுத் தண்ணீரில் கெளுத்தியை விடுவோம், அது சேற்றைக் கிளறிக்கொண்டு ஓடும். விட்டோம். கெளுத்தி ஓடியது. ஜமீந்தாரின் மீசை விறைத்தது. ஒரு காலை எடுத்து வைத்தார். பிறகு நடந்ததை என் கண் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். தண்ணீர் எழுந்து தென்காசி வரைக்கும் தெறித்தது. அடங்கியபோது கெளுத்தி வாயில் குறுக்காக.

தலையோடு தின்றார். முள்ளோடு. முறுக்குக் கடிக்கிற சத்தம். கவிச்சியோடு, ஐயா, கவிச்சியோடு!

நாற்பது வருஷத் தொழில் ஒரு கெளுத்தித் தலையில் நொறுங்கியது. அந்தச் சத்தம் மாதிரி ஒரு நாதஸ்வரம் கேட்டதில்லை.

கத்த முடியாது. சாக்கு அங்கியோடு ஓடினேன், முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ, நாவல் மரம் தாண்டி, வாசல் தாண்டி, ரோட்டில் நின்று கத்தினேன். களக்காட்டில் வாழைத்தார் இரண்டு தானாக அறுந்து விழுந்தன. டவுன் பஸ்காரர் நிறுத்திவிட்டார். "ஏறுதீயளா, இல்ல சும்மா கத்துதீயளா?"

"சும்மாதாம்வே!"

ஜூன் 27, சனி

எண் 7: கெளுத்தி 2, ஜிலேபி 3, நண்டு 1 (இந்தத் தடவை இவர் தொட்டார்). எல்லாம் தானே பிடித்தது. எடை பழைய நிலைக்கு வந்தாயிற்று.

கூகை இறக்கையை விரித்தது. ஆமைகளிடமிருந்து தகவல் இல்லை.

குறிக்க வேண்டிய இன்னொன்று. விசிலடிப்பது குறைந்திருக்கிறது. திங்கள் நாலு. வியாழன் இரண்டு. இன்று தட்டிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றேன். ஒன்று. அதுவும் எனக்குத்தானா தெரியவில்லை.

நல்லதுதான். இதற்குத்தானே.

இசக்கியிடம் சொன்னேன். "நல்லதுதான மாமா," என்றாள். பிறகு, "டீ போடட்டா?" என்று கேட்டாள். அவளாக எனக்கு டீ போடுவது சித்ரா பௌர்ணமிக்கு ஒரு தடவை.

ஜூலை 1, புதன்

ஆற்றங்கரைக்கு மாற்றம். இடத்தை எழுதக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. ஆற்றின் பெயர் தாமிரபரணி. தோண்டுகிறவர்களுக்கு அது போதும்.

மரப்பெட்டி, ஈரச் சாக்கு, டெம்போ. இசக்கி முன்னால், நான் பின்னால் பெட்டியோடு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு. வழியில் ஒரு செக்போஸ்டில் போலீஸ்காரர் என்னைத்தான் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து இறங்கச் சொன்னார். கட்டை அவிழ்க்காமல் கையாலேயே விளக்கினேன். அவருக்கு ஏதோ கதகளி மாதிரி இருந்திருக்கும். கும்பிட்டு அனுப்பினார்.

கரையில் கம்பி வலைக் கொட்டடி, பாதி மணலில், பாதி தண்ணீரில். ஆறு உள்ளேயும் ஓடுகிறது. பெட்டியைத் திறந்ததும் ஜமீந்தார் வெளியே வந்து, தண்ணீரில் ஒரு விரலை வைத்து, எடுத்து, மோந்து, மறுபடி வைத்தார். தொட்டித் தண்ணீர் நகராது. இது நகர்கிறது. அவர் முகத்தில், இதை யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்ற கோபம்.

ஒரு வருஷம் அவருக்கு எல்லாக் கதையும் சொன்னேன். ஆறு ஓடும் என்று சொல்ல விட்டுப்போயிற்று.

சாயங்காலம் எதிர்க்கரை நாணலில் விசில். நான் அடிக்கவில்லை. டாக்டரம்மா நாலு விரலைக் காட்டினார். அங்கே ஒரு கூட்டம் இருக்கிறதாம். அதனால்தான் இந்த இடம்.

இவர் வலையில் மூக்கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாய்க்கட்டோடு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 5, ஞாயிறு

வெயில். ஆற்றில் தண்ணீர் நல்லா வருகிறது.

சர்ச் முடிந்து நேராக இங்கே வந்துவிட்டார் டாக்டரம்மா, பட்டுச் சேலையோடு. மணலில் உட்கார்ந்து நாளைய விவரம் சொன்னார். விடிந்ததும் வலைக்கதவைத் திறப்பது. எண் 7 ஆற்றுக்குள் போனபின் மேல்பக்கப் பாறையில் ஒரு ஆள் நின்று மூன்று தடவை கூப்பிடுவது. பழைய சட்டி, பழைய மஞ்சள் மீன், பழைய வார்த்தை. வந்தால் பிடித்து மெட்ராஸ். வராவிட்டால் ஆறு.

"யாரு கூப்பிடுதா?"

"நீங்கதான் அண்ணாச்சி. வேற யாரு குரல் அதுக்குத் தெரியும்?"

சரி என்று தலையாட்டினேன். வெகு பவ்யமாக. ஆனால் மனசுக்குள் திட்டம் தயார். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்வது. அல்லது ஆறு இரைகிறது, காற்று எதிர்ப்பக்கம். பைய ஒரு முனகல், மூன்று தடவை, ஒப்புக்கு. நாற்பது வருஷம் உப்புக் குறைந்த சாம்பாரை மாப்பிள்ளை வீட்டாருக்கு டாக்டர் சொன்னது என்று விற்றவனுக்கு இது ஒரு வேலையா?

டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பைய கூப்பிட்டா அது பாஸாயிரும், தெரியுமா?"

"நான் ஏன் டாக்டரம்மா பைய கூப்பிடப் போறேன்?"

"எனக்கு ஒரு மான்குட்டி இருந்துச்சு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல. ரிலீஸ் பண்ணும்போது நானும் ஒப்புக்குத்தான் கூப்பிட்டேன். வரல. சந்தோசமா விட்டுட்டேன். மூணாம் நாள் ஒரு வீட்டு வாசல்ல போய் நின்னுது, பொம்பள சத்தம் கேட்டு. அங்கன நாய் இருந்துச்சு."

பட்டுச் சேலை மடிப்பில் இருந்த மணலைத் தட்டினார்.

இசக்கி சட்டியைக் கழுவிக்கொண்டு வந்தாள். "மாமா, மஞ்சள் வீட்ல இருக்கா? நாளைக்கு வேணும்."

கொல்லையில் கொட்டியதைச் சொன்னேன். பதினைந்து நாளுக்குப் பிறகு என் பெண்டாட்டி கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கினாள்.

ஜூலை 6, திங்கள்

விடியும்போது மூடுபனி மாதிரி சாரல். ஆற்று மேலே புகை.

மீனைச் செதில் சீவி, உப்பு மஞ்சள் போட்டு, மூன்று தண்ணீர். கை மறக்கவில்லை.

ஆறு மணிக்கு இசக்கி கதவைத் திறந்தாள். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தலை, ஒரு கோடு, நடு ஆற்றில். முங்கியது. ஒரு மீனோடு எழுந்தது. நான் பாறை மேல், சாக்கு இல்லாமல், வேட்டி சட்டையில், கையில் சட்டி. கீழே கரையில் டாக்டரம்மா. ஒரு விரலைத் தூக்கினார்.

முதல் தடவை. "எய்யா ஜமீந்தாரே..." சத்தம் வரவில்லை. திட்டம் போட்டு அல்ல, அந்த வார்த்தை மேல் இருபத்தொரு நாள் துரு. எனக்கே கேட்கவில்லை. டாக்டரம்மா கையை உயர்த்தினார், இன்னும்.

இரண்டாம் தடவை. பாதிக் குரல். "பந்தி போட்டாச்சு..." தலை நிமிர்ந்தது. மீசையில் தண்ணீர். என்னைப் பார்த்தது. பிறகு இந்தப் பக்கம் நீந்த ஆரம்பித்தது. பத்து முழம். பதினைந்து. இசக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். வாய் வாங்க என்று சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே இருந்தவன் வராதய்யா வராதய்யா என்று அடித்துக்கொண்டான்.

நடுவில் நின்றது. தண்ணீர் அதை ஒரு பக்கமாக இழுத்தது. அங்கேயே மிதந்துகொண்டு இந்தப் பக்கம் பார்த்தது.

மூன்றாம் தடவை பாக்கி. முனகலாம். யாருக்கும் தெரியாது. காற்றுகூட எதிர்ப்பக்கம்தான். அந்த வாசலில் போய் நின்ற மான் மட்டும் என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

கூப்பிட்டேன்.

நாணலில் விசில். நாலு. அந்தத் தலை என் பக்கம் இருந்தது, அடுத்த கணம் இல்லை. வெறும் வட்டம் மட்டும் தண்ணீரில். எண்ணினேன், இருபது வரைக்கும், முப்பது. எதிர்க்கரையில் எழுந்தது. நாணல் ஓரத்தில் வேறு தலைகள். மூன்று, நாலு. ஒன்று வந்து மோந்தது. கொஞ்சம் உறுமல், கொஞ்சம் துரத்தல். பிறகு எல்லாமாக நாணலுக்குள். ஐந்தில் எது நம்முடையது என்று தெரியவில்லை. ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா அந்த மெட்ராஸ் கடிதத்தை நான்காகக் கிழித்துப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார், ஆற்றங்கரையில் குப்பை போடக் கூடாதாம். திங்கட்கிழமையாக இருந்தும் சிரித்தார். ஒரு மாசம் தினமும் தூர இருந்து பார்க்கணும், அப்புறம்தான் நிச்சயம் என்றார். தூரத்திலிருந்து பார்க்க என்னை அனுப்பச் சொன்னேன். "வாயில துண்டு கட்டிக்கிட்டா வாங்க" என்றார்.

ரிஜிஸ்டரில் எண் 7 வரியில் இசக்கி எழுதியது: ஆற்றில் விடப்பட்டது. ஜமீந்தார் என்று நானும் இனி எழுத வேண்டாம். ஆற்றில் ஒரு நீர்நாய்.

சட்டியிலிருந்த மீனை இசக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரித்தாள். மஞ்சள் ஏற்கெனவே போட்டாயிற்று.

சாயங்காலம் களக்காடு டீக்கடையில் தங்கராசு ஆளைச் சேர்த்து வைத்திருந்தான். "சொல்லும்வே, என்ன நடந்துச்சு? இருபத்தோரு நாள் பாக்கிய மொத்தமா எறக்கும்."

இறக்கினேன். பாறையில் நின்று நான் முழுத் தொண்டையில் கூப்பிட்டேன். பொதிகை மலை எதிரொலித்து ஒரு பாறாங்கல் உருண்டது. பாபநாசம் அணையில் மதகு தானாகத் திறந்தது. முதலை ஒன்று கரையேறி மன்னிப்புக் கேட்டது. நீர்நாய் பின்னங்காலில் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, என்னைப் பார்த்து மூன்று தடவை கும்பிட்டு, கண்ணீர் விட்டு, பிறகுதான் போனது.

"ஏலே, இதுல ஒண்ணாவது நெசமா?" என்று சிரித்தான் தங்கராசு. கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கல் உருளவில்லை. மதகு, முதலை, கும்பிடு, கண்ணீர் எதுவும் இல்லை. கண்ணீர் அதற்கு இல்லை. முழுத் தொண்டையில் கூப்பிட்டேன் என்றேனே, அது மட்டும் நிஜம்.